பிரித்த பின் தொடங்கும் சிகிச்சை

ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகளை மருத்துவர்கள் வெற்றிகரமாகப் பிரித்தெடுத்தார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் அதில் சில எண்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. எத்தனை மருத்துவர்கள் பங்கேற்றார்கள், அறுவை சிகிச்சை எத்தனை மணி நேரம் நீடித்தது, எத்தனை லட்சம் செலவானது என்பவையே அவை. மருத்துவர்கள் பாராட்டுக்கு முழுவதும் உரியவர்கள். ஆனால், அதே குழந்தைகள் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எப்படி இருக்கிறார்கள், நடக்கிறார்களா, பள்ளிக்குச் செல்கிறார்களா என்று சொல்லும் செய்தியை நாம் அரிதாகவே காண்கிறோம்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், ஒரு செலவுக் கணக்கில் எது எழுதப்படுகிறது, எது விடுபடுகிறது என்று பார்ப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. இந்தச் சிகிச்சையைப் பொறுத்தவரை விடுபடும் பகுதியே பெரியது. பிரித்தெடுத்தல் ஓரிரு நாள்களில் முடிந்துவிடுகிறது. பிரிக்கப்பட்ட உடலைச் சீரமைக்கும் பணியோ அந்தக் குழந்தையின் வளர்ச்சி முடியும்வரை தொடர்கிறது. நம்முடைய நிதி ஏற்பாடுகளும் நம்முடைய கவனமும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

ஒரே கருமுட்டையிலிருந்து உருவாகும் கரு, சுமார் 13 நாள்களுக்குப் பின் இரண்டாகப் பிரியத் தொடங்கி, முழுமையாகப் பிரியாமல் நின்றுவிடுவதால் இத்தகைய குழந்தைகள் உருவாகின்றன என்பது பரவலான விளக்கம். பிரிந்த இரு கருக்கள் மீண்டும் இணைவதே காரணம் என்ற கருத்தும் உண்டு. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது நிகழ்வதாக மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தே பிறக்கின்றனர். மார்பிலும் வயிற்றிலும் ஒட்டியவர்கள் அதிகம். தலையில் ஒட்டியவர்கள் நூற்றுக்கு இரண்டு முதல் ஆறு பேர் மட்டுமே.

பிறந்தவர்கள் அனைவரையும் பிரித்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. 2003இல் வாரங்கல் பகுதியில் தலை ஒட்டிப் பிறந்த சகோதரிகளைப் பிரிப்பது உயிருக்கு ஆபத்து என்று கருதப்பட்டதால் அவர்கள் சேர்ந்தே வளர்ந்து, பத்தாம் வகுப்பையும் இடைநிலை வகுப்பையும் தேறினார்கள். அதே 2003இல், 29 வயதான ஈரானிய சகோதரிகள் சிங்கப்பூரில் தாங்களே விரும்பி அறுவை சிகிச்சைக்கு உட்பட்டு உயிரிழந்தனர். ஆகவே, பிரிப்பதா வேண்டாமா என்பதே முதல் கேள்வி. பிரிப்பது என்று முடிவான பிறகு எழும் கேள்விகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

தோல் என்னும் பற்றாக்குறை

இரு உடல்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் தோல் இருப்பதில்லை. அவற்றைப் பிரித்ததும், தோலில்லாத திறந்த பரப்பு ஒன்றுக்கு இரண்டாக உருவாகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று. உள்ளே கல்லீரல், குடல், சில நேரம் இதயத்தின் உறை, தலையானால் மூளை. அவற்றை மூடாவிட்டால் கிருமித்தொற்று உயிரைக் குடித்துவிடும். எனவே, அறுவை அரங்கில் மிக அரிதான வளமாக அமைவது பல நேரங்களில் தோல்தான்.

பற்றாக்குறையை எதிர்கொள்ள இரண்டு வழிகள்: இருப்பதைப் பங்கிடலாம், அல்லது முன்கூட்டியே பெருக்கிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் சர்ஜரி என்று நாம் அழைக்கும் சீரமைப்பு அறுவை சிகிச்சை இரண்டையும் செய்கிறது.

பெருக்கும் முறையைப் புரிந்துகொள்ள நம் தென் மாவட்டங்களின் பாட்டிமார்களை நினைத்தால் போதும். காதில் துளையிட்டு, படிப்படியாகக் கனத்தைக் கூட்டி, கடைசியில் பாம்படம் தொங்கும் அளவுக்குக் காது வளர்த்தார்கள். மெல்ல இழுக்கப்படும் தோல் நீள்வதுடன் புதிதாக வளரவும் செய்கிறது என்பதே அதன் உட்பொருள். மருத்துவர்கள் ஒட்டிய பகுதிக்கு அருகே, தோலுக்கு அடியில் சிலிக்கானால் ஆன வெற்றுப் பை ஒன்றை வைக்கிறார்கள். வாரந்தோறும் அதில் சிறிது சிறிதாக உப்புநீரைச் செலுத்துகிறார்கள். பை உப்ப உப்ப மேலே உள்ள தோல் வளர்கிறது. சில வாரங்களிலோ மாதங்களிலோ தேவையான தோல் சேர்ந்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தத் தோலைக் கொண்டு காயத்தை மூடுகிறார்கள். இதற்குத் திசு விரிப்பு முறை என்று பெயர். இதிலும் இடர் உண்டு. பையைச் சுற்றிக் கிருமி தொற்றினால் அதை எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். 

பங்கிடும் முறையிலும் இரு வகை உண்டு. தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்துக் காயத்தின் மேல் பரப்புவது தோல் ஒட்டு. அதற்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது; கீழே உள்ள திசுவிலிருந்தே உயிர் பெற வேண்டும். பக்கத்திலுள்ள தோலை அதன் ரத்தக் குழாயோடு சேர்த்து நகர்த்தி மூடுவது தோல் மடல். இந்த இரண்டாவது முறையின் வேர் நம் நாட்டில் இருக்கிறது. சுசுருத சங்கிதையில் அறுபட்ட மூக்கைச் சீரமைக்கும் முறை கூறப்பட்டுள்ளது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் புணேயில் ஒரு மாட்டு வண்டிக்காரருக்கு நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு அமைத்த செய்தி, 1794இல் லண்டன் இதழொன்றில் படத்துடன் வெளியானது. அதைப் படித்துத் தூண்டப்பட்ட ஆங்கிலேய மருத்துவர் ஜோசப் கார்ப்யூ 1814இல் அதே முறையைத் தம் நாட்டில் செய்துகாட்டினார். 

இடுப்பில் ஒட்டிய குழந்தைகள் சிலருக்கு இருவருக்குமாக மூன்று கால்களே இருக்கும். மூன்றாவது கால் பெரும்பாலும் சரியாக இயங்காது. அந்தக் காலின் எலும்பை நீக்கி, தோலையும் தசையையும் இரு குழந்தைகளின் காயங்களையும் மூடப் பயன்படுத்துவது உண்டு. ஒரு கால், இரு உயிர்களுக்கான போர்வையாகிறது. 

எலும்பும் உறுப்பும் வளர்ச்சியும்

தோலுக்கு அடுத்தது எலும்பு. இடுப்பில் ஒட்டியவர்களின் இடுப்பெலும்பு முன்புறம் மூடாமல் விரிந்திருக்கும். அதை வெட்டி, உள்நோக்கித் திருப்பி, வளையமாக இணைத்தால்தான் குழந்தை நிற்க முடியும். மார்பில் ஒட்டியவர்களுக்கு விலா எலும்புகளின் இடைவெளியை அடைத்து மார்புக்கூட்டை உருவாக்க வேண்டும். 2023 ஜூனில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், மார்பும் மேல்வயிறும் ஒட்டிப் பிறந்த உத்தரப் பிரதேசப் பெண் குழந்தைகள் ஏறத்தாழ ஒன்பது மணி நேர அறுவையில் பிரிக்கப்பட்டனர். கல்லீரலைப் பிரித்ததோடு வேலை முடியவில்லை. இரு மார்புகளையும் தனித்தனியே மூட வேண்டியிருந்தது.

முதுகின் அடிப்பகுதியில் ஒட்டியவர்களுக்குத் தண்டுவடத்தின் கடைப்பகுதியும் மலப்பாதையும் சிறுநீர்ப் பாதையும் பொதுவாக அமைவது உண்டு. 2013 டிசம்பரில் சென்னை அப்போலோ குழந்தைகள் மருத்துவமனையில், டாக்டர் வெங்கட ஸ்ரீபதி தலைமையிலான குழு, டான்சானியாவிலிருந்து வந்த ஒரு வயதுகூட நிறையாத ஆண் குழந்தைகளைப் பிரித்தது இவ்வகையைச் சேர்ந்தது. ஒருவருக்கே போதுமான உறுப்பை இருவருக்கும் பகிர்ந்து, இருவரும் பிற்காலத்தில் மலத்தையும் சிறுநீரையும் அடக்கி வைத்திருக்கும்படி செய்வது எவ்வளவு நுட்பமான பணி என்பதைச் சொல்லத் தேவையில்லை. 

இவற்றையெல்லாம் செய்து முடித்தாலும் வளர்ச்சி என்ற பெரிய கணக்கு மீதியிருக்கிறது. குழந்தை வளர்கிறது, தழும்பு அதே வேகத்தில் வளர்வதில்லை. ஒட்டுத்தோல் சுருங்கி மூட்டை இழுக்கும். மண்டையோட்டில் வைத்த செயற்கைத் தகடு வளராது. ஒரு காலோடு வளரும் குழந்தையின் முதுகெலும்பு வளையும். செயற்கைக் கால் ஓராண்டு, ஈராண்டில் சிறிதாகிவிடும். ஆக, ஒவ்வொரு வளர்ச்சிப் பருவத்திலும் ஓர் அறுவையோ, ஒரு புதிய கருவியோ, பல மாத உடற்பயிற்சிச் சிகிச்சையோ தேவைப்படுகிறது. சீரமைப்பு அறுவை சிகிச்சையைக் கட்டடம் கட்டுவதற்கு ஒப்பிடுவார்கள். எனக்கு அது ஏரியைப் பராமரிப்பதாகவே தோன்றுகிறது. கரையை ஒருமுறை எழுப்பிவிட்டு, மராமத்துப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது காஞ்சிபுரம், உத்திரமேரூர் வட்டாரத்து விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். 

இரண்டு அனுபவங்கள்

ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்துக் குழந்தைகளான ஜகா, கலியா ஆகியோர் தலை ஒட்டிப் பிறந்தவர்கள். மூளையிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் பெரிய சிரைகள் அவர்களுக்குப் பொதுவாக இருந்தன. 2017 ஆகஸ்ட் 28 அன்று தில்லி எய்ம்ஸில் நடந்த முதல்கட்ட அறுவையில் ரத்தத்துக்கு மாற்றுவழி அமைக்கப்பட்டது. அக்டோபர் 25 அன்று தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் அவர்கள் பிரிக்கப்பட்டனர். நாடே கொண்டாடியது. பின்னர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தில்லியிலேயே சிகிச்சை தொடர்ந்தது. 2019 செப்டம்பரில் அவர்கள் ஒடிசாவுக்குத் திரும்பினர். 2020 நவம்பர் 25 அன்று கட்டாக் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கலியா உயிரிழந்தான். பிரித்த செய்தி முதல் பக்கத்தில் வந்ததுபோல் அந்த மரணச் செய்தி வரவில்லை. இதற்காக எந்த மருத்துவமனையையும் நான் குறைகூறவில்லை. தலை ஒட்டிய குழந்தைகளின் சிகிச்சை, பிரித்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னும் உயிருக்கான போராட்டமாகவே நீடிக்கிறது என்பதை இது காட்டுகிறது.

இன்னொன்று, பீகாரின் லட்சுமி என்ற சிறுமியின் அனுபவம். வளர்ச்சியடையாத இரட்டையின் உடல் இடுப்பில் ஒட்டியிருக்க, நான்கு கைகளும் நான்கு கால்களும் கொண்டவளாகப் பிறந்தாள். ஊரார் அவளைத் தெய்வமாக வணங்கினர். 2007 நவம்பரில் பெங்களூரு ஸ்பர்ஷ் மருத்துவமனையில் டாக்டர் சரண் பாட்டீல் தலைமையிலான குழு, 27 மணி நேரம் அறுவை செய்து அவளுடைய உடலைச் சீரமைத்தது. செலவை மருத்துவமனையின் அறக்கட்டளை ஏற்றது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்தைய ஏற்பாடு. அந்தக் குடும்பம் ராஜஸ்தானின் ஜோத்பூர் அருகே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளி ஒன்றுக்கு இடம்பெயர்ந்தது. குழந்தைக்குக் கல்வி கிடைத்தது. தந்தைக்கு அங்கேயே வேலை கிடைத்தது. உடலைச் சீரமைத்தவர்களைப் போலவே அந்த வாழ்க்கையைச் சீரமைத்தவர்களும் பாராட்டுக்கு உரியவர்கள். 

செங்கல்பட்டு கற்பித்த பாடம்

இந்த உண்மையை உலகுக்குச் சொன்ன அனுபவங்களில் ஒன்று நம் வட்டாரத்தில் தொடங்கியது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1940களில் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் பணியாற்றினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்டை அவர் அங்கே அழைத்தார். மடங்கிப்போன விரல்களோடு வாழ்ந்த நோயாளிகளை அங்கே கண்ட பிராண்ட், அவற்றை நிமிர்த்த வழி தேடினார். இயங்கும் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை இயங்கச் செய்யும் அறுவை முறையை வேலூரில் வளர்த்தெடுத்தார்.

கைகள் சீராயின. ஆனால், சில நோயாளிகள் திரும்பிவந்து ஒரு விசித்திரமான முறையீட்டை வைத்தார்கள். மடங்கிய கையைக் கண்டு பிச்சையிட்டவர்கள், சீரான கையைக் கண்டு பிச்சையிடுவதில்லை. தொழுநோயாளி என்பதால் வேலையும் எவரும் தருவதில்லை. அறுவையின் வெற்றியே வாழ்வாதாரத்தின் இழப்பாகிவிட்டது. அதன் பிறகுதான், சிகிச்சை பெற்றவர்கள் தங்கித் தச்சு போன்ற தொழில்களைக் கற்றுக்கொள்ளப் புதுவாழ்வு மையம் ஒன்று வேலூரில் உருவாக்கப்பட்டது. அறுவை, பயிற்சி, தொழில் மூன்றும் சேர்ந்தால்தான் சிகிச்சை முழுமையடையும் என்பதே அவர்கள் கற்ற பாடம். ஒட்டிப் பிறந்த குழந்தைகளுக்கும் அந்தப் பாடம் அப்படியே பொருந்தும். 

கணக்கில் வராத செலவு

ஒரு முகமும் பெயரும் கொண்ட குழந்தைக்கு நிதி திரள்வதும், பெயர் தெரியாத பலரைக் காக்கும் திட்டங்களுக்கு நிதி திரளாததும் ஏன் என்ற கேள்வியைப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1968இல் எழுப்பினார். அவருடைய சிந்தனையோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். முகம் தெரிந்த அதே குழந்தைகூட, செய்தியிலிருந்து மறைந்ததும் முகமற்ற புள்ளிவிவரமாகிவிடுகிறது. பிரிக்கும் நாளில் அரசும் கொடையாளரும் மருத்துவமனையும் போட்டியிட்டு உதவ முன்வருகிறார்கள். நான்காம் ஆண்டில் செயற்கைக் கால் மாற்ற வேண்டியபோது வாசலில் எவரும் இருப்பதில்லை.

வாலாஜாபாத் வட்டாரக் கிராமம் ஒன்றில் வாழும் நெசவாளர் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை 60 கி.மீ.க்கு மேல். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். ஆனால், குழந்தையை அழைத்துச் செல்லும் நாளில் தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. உடன் செல்லும் தாயின் வேலையும் போகும். மற்றப் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கவலையும் சேரும். மாதம் இருமுறை, பத்து ஆண்டுகள் என்று பெருக்கிப் பார்த்தால், இலவசச் சிகிச்சையின் விலை எவ்வளவு என்பது விளங்கும். முதலில் கைவிடப்படுவது உடற்பயிற்சிச் சிகிச்சைதான். அதனால் வரும் தீங்கு உடனே கண்ணுக்குத் தெரியாது. தெரியவரும்போது மூட்டு இறுகியிருக்கும், முதுகு வளைந்திருக்கும், அடுத்த அறுவை முந்தையதைவிடக் கடினமாகியிருக்கும். 

தமிழகத்தின் ஏற்பாடுகள் பல மாநிலங்களைவிடச் சிறந்தவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை அளிக்கிறது. சில நோய்களுக்குத் தொடர் சிகிச்சைக்கும் அதில் இடம் உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். பிறந்தது முதல் 18 வயது வரையிலான குழந்தைகளின் குறைபாடுகளைக் கண்டறிய 2013 முதல் நாடு தழுவிய திட்டம் ஒன்றும், அதற்கென மாவட்ட இடையீட்டு மையங்களும் உள்ளன.

ஆயினும், இவை தனித்தனித் தீவுகளாக இருக்கின்றன. காப்பீடு ஒரு சிகிச்சைக்கு ஒரு தொகை என்று கணக்கிடுகிறது. ஒரு குழந்தையின் பதினெட்டு ஆண்டுகளை அது ஒரே கணக்காகப் பார்ப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மலத்தையும் சிறுநீரையும் அடக்க இயலாமை அந்தப் பட்டியலில் இல்லை. கீழ்முதுகிலோ இடுப்பிலோ ஒட்டிப் பிறந்து பிரிக்கப்பட்ட குழந்தை நன்றாக நடந்தாலும், இந்தக் குறை ஒன்றே அவனைப் பள்ளியிலிருந்து விரட்டப் போதுமானது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, இத்தகைய அறுவைக்கு அரசு நிதி ஒதுக்கும்போது, பிரிக்கும் செலவோடு 18 வயது வரையிலான சீரமைப்புக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அந்தத் தொகை குழந்தையின் பெயரில் தனிக் கணக்காக இருந்து, எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் உடன்செல்ல வேண்டும். பயணச் செலவும் பெற்றோரின் கூலி இழப்பும் அதில் அடங்க வேண்டும். மாதந்தோறும் பணம் தருவது புதுமையான கருத்தன்று. தலை ஒட்டிப் பிறந்து பிரிக்கப்படாமல் வாழும் பாட்னா சகோதரிகளின் பராமரிப்புக்கு மாதம் 5,000 ரூபாய் வழங்குமாறு 2012இல் உச்ச நீதிமன்றம் பீகார் அரசுக்கு உத்தரவிட்டது. பிரிக்கப்படாதவர்களுக்குப் பொருந்தும் நியாயம் பிரிக்கப்பட்டவர்களுக்கும் பொருந்தும். 

இரண்டாவதாக, பெரிய மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே பொறுப்பான ஒருவர் வேண்டும். மாவட்ட இடையீட்டு மையத்தில் ஒரு செவிலியரிடம் அந்தக் குழந்தையின் முழு மருத்துவக் குறிப்பும் இருக்க வேண்டும். எப்போது கால் மாற்ற வேண்டும், எப்போது முதுகெலும்பைப் படமெடுக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் நினைவில் வைத்துத் திண்டாடக் கூடாது. மூன்றாவதாக, பிரித்த நாளன்று செய்தியாளர்களைச் சந்திக்கும் மருத்துவமனைகள், குழந்தையின் அடையாளத்தைக் காத்தபடியே, ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் விளைவுகளை வெளியிடுவதை மரபாக்கிக்கொள்ள வேண்டும்.

இத்தனை அரிதான பிறப்புக்கு இவ்வளவு ஏற்பாடா, அந்தப் பணத்தில் எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களை நடத்தலாம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வியே. ஒரு ரூபாயை ஓரிடத்தில் செலவிட்டால் இன்னோரிடத்தில் அது இல்லை என்பதை வகுப்பறையில் பல்லாண்டு சொன்னவன் நான். ஆனால், இங்கே நான் கோரும் ஏற்பாடு ஒட்டிப் பிறந்தவர்களுக்கு மட்டும் பயன்படுவதன்று. தீக்காயத்தில் கழுத்து ஒட்டிப்போன சிறுமிக்கும், உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தைக்கும், பாதம் வளைந்து பிறந்தவனுக்கும், தண்டுவடக் குறைபாட்டோடு பிறந்தவளுக்கும் தேவைப்படுவது இதே தொடர் சீரமைப்புதான். அவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அரிதினும் அரிதான ஒரு குழந்தைக்காக அமைக்கும் பாதையில் அவர்கள் அனைவரும் நடக்கலாம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை சீரமைப்புத் துறையும், கீழ்ப்பாக்கத்தின் தீக்காயச் சிகிச்சைப் பிரிவும், கோவை கங்கா மருத்துவமனையும் தமிழகத்துக்கு இத்துறையில் நற்பெயர் ஈட்டித் தந்துள்ளன. கத்தியைப் பிடிக்கும் கைகளுக்கு இங்கே குறைவில்லை. அந்தக் கைகள் தைத்து அனுப்பிய குழந்தையை அதன் ஊரில் ஏற்று, பள்ளியில் அமர்த்தி, பதினெட்டு வயது வரை கைவிடாமல் நடத்திச் செல்லும் பொறுப்பு மருத்துவர்களுடையதன்று. அது அரசுக்கும் சமூகத்துக்கும் உரியது. அடுத்த முறை ஒட்டிப் பிறந்த குழந்தைகள் பிரிக்கப்பட்ட செய்தி வரும்போது, அறுவை எத்தனை மணி நேரம் நடந்தது என்பதோடு, அடுத்த பதினெட்டு ஆண்டுகளுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் நாம் சேர்த்துக் கேட்க வேண்டும்.